மலையகத்தில் இருந்துகொண்டு டோனி விருதைக் கணிப்பது எப்படி?

நியூயோர்க் பிரோட்வே நாடகங்களுக்குக் கொடுக்கிற டோனி விருது யாருக்குக் கிடைக்கும் என்று ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கிற ஒருவர் ஏன் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. ஏற்கனவே அந்த ஆசை பிடித்துவிட்டவர்களுக்குத்தான் எழுதுகிறேன். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்த பிள்ளைகள், பாடசாலை நாடகங்களைப் பழக்குகிற ஆசிரியர்கள், யூடியூபில் பிரோட்வே பாட்டுக் கேட்டு அப்படியே உள்ளே இழுக்கப்பட்டவர்கள் என்று நம் பக்கத்திலும் ஆள் இருக்கிறது. ஆனால் எங்கே தொடங்குவது, எதைப் படிப்பது, எந்த மாதத்தில் என்ன செய்வது என்று தமிழில் ஒரே இடத்தில் சொல்ல எனக்கு யாரும் இருக்கவில்லை. தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். "ஒரு நாடகத்தையும் பார்க்காமல் எப்படிக் கணிப்பது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எது நல்ல நாடகம் என்று நாம் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. யார் வாக்களிக்கிறார்கள், எந்த விதியின் கீழ், எந்தத் திகதிக்குள், எவற்றைப் பார்த்துவிட்டு வாக்களிக்கிறார்கள் என்பதைத்தான் கணிக்கப்போகிறோம். அது முழுக்கக் காகிதத்தில் இருக்கிற விஷயம். தமிழ்த் தினப் போட்டிக்கு வலயம், மாகாணம் என்று நாடகம் கொண்டுபோனவர்களுக்கு இது உடனே விளங்கும். சபையில் யாருக்குக் கைதட்டல் அதிகம் என்று பார்ப்பவர் ஏமாறுவார். நடுவர் கையில் இருக்கிற புள்ளித்தாளில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று பார்ப்பவர் ஏமாறமாட்டார்.

1. விமர்சனத்துக்கு முன்னால் விதிமுறையைப் படியுங்கள்

டோனி விருதின் விதிமுறை முழுவதும் அவர்களுடைய அதிகாரபூர்வ இணையத்தளத்தில் இலவசமாக இருக்கிறது. நீளமானது, சட்ட ஆங்கிலம், தூக்கம் வரும். ஆனாலும் இதுதான் உங்கள் முதல் ஆவணம். டவுனில் இருக்கிற கொம்யூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் வேண்டாம், தகுதி, பிரிவுகள், வாக்களிப்பு என்ற பகுதிகள் போதும். அதில் விளங்கிக்கொள்ள வேண்டியவை இவை.

பிரோட்வே என்று கணக்கிடப்படுவது மன்ஹட்டனில் உள்ள 41 அரங்குகள் மட்டும். 500 இருக்கைக்குக் குறைந்த அரங்கு அதில் சேராது. சின்ன அரங்கில் ஓடுகிற ஒஃப் பிரோட்வே நாடகம் எவ்வளவு பேரெடுத்தாலும் டோனிக்கு வராது. பெரிய அரங்குக்கு மாறின பிறகுதான் வரும்.

பரிந்துரைப்பவர்கள் வேறு, வாக்களிப்பவர்கள் வேறு. பரிந்துரைக் குழு என்பது சில பத்துப் பேர் கொண்ட ஒரு சின்னக் கூட்டம். அந்தப் பருவத்தில் தகுதி பெற்ற நாடகங்களை எல்லாம் அவர்கள் பார்த்தாக வேண்டும். வெற்றியாளரைத் தீர்மானிப்பது 800 பேருக்கு மேற்பட்ட வாக்காளர்கள்: தயாரிப்பாளர்கள், அரங்கு உரிமையாளர்கள், நடிகர், இயக்குநர், எழுத்தாளர், வடிவமைப்பாளர் சங்கங்களைச் சேர்ந்தவர்கள், வெளியூர்களில் நாடகம் கூப்பிட்டு நடத்துகிறவர்கள். ஆகவே ஏப்ரலில் போடுகிற கணக்கும் ஜூனில் போடுகிற கணக்கும் ஒன்றல்ல. புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே சறுக்குகிறார்கள்.

அப்புறம், ஒரு பிரிவில் வாக்களிக்க வேண்டுமானால் அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாவற்றையும் வாக்காளர் பார்த்திருக்க வேண்டும். ஐந்தில் நான்கைப் பார்த்தவருக்கு அந்தப் பிரிவில் வாக்கு இல்லை. குளிர்காலத்திலேயே மூடிப்போன நாடகம் ஒன்று பட்டியலில் இருந்தால், அதைப் பார்க்கத் தவறிய வாக்காளர்கள் அந்தப் பிரிவுக்கு வெளியே நிற்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது, யார் முதன்மை நடிகர், யார் துணை நடிகர் என்பது. விளம்பரத்தில் நாடகப் பெயருக்கு மேலே பெயர் வந்தால் முதன்மை, கீழே வந்தால் துணை என்பது அடிப்படை. ஆனால் நிர்வாகக் குழு இதை மாற்றலாம். அந்தக் குழு ஒரு பருவத்தில் பல தடவை கூடி முடிவுகளை அறிவிக்கும். அந்த அறிவித்தல்கள்தான் உங்கள் இரண்டாவது ஆவணம். 2024 இல் மெரிலி வீ ரோல் அலோங் நாடகத்தில் ஜொனதன் குரொஃப் முதன்மைப் பிரிவில், டேனியல் ரட்கிளிஃப் துணைப் பிரிவில். இருவருமே வென்றார்கள். ரட்கிளிஃப் பெரிய பெயர் ஆயிற்றே என்று அவரை முதன்மைப் பிரிவில் எழுதிவைத்தவர்களுக்கு இரண்டு பிரிவிலும் கணக்குப் பிசகியிருக்கும்.

2. ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள்

கணினியில் அட்டவணை போடத் தெரிந்தவர்கள் போடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகிற இடங்களில் கொப்பிதான் நம்பிக்கையானது. நடுப்பக்கத்தைத் திறந்து இப்படிக் கோடு போடுங்கள்: நாடகத்தின் பெயர், எந்த வகை, திறந்த திகதி, இன்னும் ஓடுகிறதா, முதல் முறையா மறு மேடையேற்றமா, வேறு எங்கே முன்பு ஓடியது, விமர்சனம் எப்படி, வார வசூல் ஏறுகிறதா இறங்குகிறதா, மற்ற விருதுகளில் என்ன ஆனது.

வகை என்பது நான்குதான். புதிய வசன நாடகம், புதிய இசை நாடகம், வசன நாடக மறு மேடையேற்றம், இசை நாடக மறு மேடையேற்றம். மொத்தம் 26 போட்டிப் பிரிவுகள் இந்த நான்கையும் சுற்றித்தான் வருகின்றன. உடை, ஒளி, ஒலி, காட்சியமைப்பு ஆகியவை வசன நாடகத்துக்குத் தனி, இசை நாடகத்துக்குத் தனி. நடன அமைப்பும் இசைக்கோர்ப்பும் ஒவ்வொன்றுதான்.

"வேறு எங்கே முன்பு ஓடியது" என்ற பத்தியைக் காலியாக விடாதீர்கள். ஏன் என்று ஆறாம் படியில் சொல்கிறேன்.

3. நாட்காட்டியை இலங்கை நேரத்துக்கு மாற்றுங்கள்

டோனிப் பருவம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு முடிவுத் திகதி. அதற்குள் திறந்த நாடகம்தான் அந்த வருடக் கணக்கில் சேரும். சில நாட்களில் பரிந்துரைப் பட்டியல் வரும். ஜூன் முதல் பாதியில் விழா நடக்கும். 2025 ஐ உதாரணமாக எடுத்தால், முடிவுத் திகதி ஏப்ரல் 27, பரிந்துரை மே 1, விழா ஜூன் 8.

வேலையை நான் இப்படிப் பிரிப்பேன். ஒக்டோபர் வரை வெறும் பெயர்ப் பட்டியல். நவம்பர், டிசம்பரில் இலையுதிர்கால நாடகங்களின் விமர்சனம். ஜனவரி, பெப்ரவரியில் ஓய்வு, அங்கேயும் அப்போது பெரிதாக ஒன்றும் திறக்காது. மார்ச்சும் ஏப்ரலும்தான் கழுத்தைப் பிடிக்கும். முடிவுத் திகதிக்குக் கிட்டத் திறந்தால் பரிந்துரைக் குழுவின் நினைவில் புதிதாக இருக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள். நம் பக்கத்திலோ சித்திரைப் புத்தாண்டு. டவுன் கடைகள் பூட்டியிருக்கும், ஊருக்கு வந்த சொந்தபந்தங்கள் வீடு நிறைய இருக்கும், கொப்பியைத் திறக்க நேரம் கிடைக்காது. ஆகவே ஏப்ரல் 10க்கு முன்னால் பாதிப் பட்டியலையாவது முடித்து வைத்துவிடுங்கள்.

நேர வித்தியாசம்: நியூயோர்க்கின் கோடைகால நேரத்துக்கும் நமக்கும் ஒன்பதரை மணித்தியாலம். பரிந்துரைகள் அங்கே காலை 9 மணியளவில் வந்தால் இங்கே மாலை 6.30. வேலை முடிந்து வீட்டில் இருந்தே பார்க்கலாம், நல்ல நேரம். விழா அங்கே ஞாயிறு இரவு 8 மணி, இங்கே திங்கள் அதிகாலை 5.30. அதைப் பற்றிக் கடைசியில்.

4. செலவு எவ்வளவு?

உண்மையைச் சொன்னால், மாதாந்த டேட்டாவுக்குப் போடுகிற ரீலோடைத் தவிரப் பெரிய செலவு வேண்டியதில்லை. ஆனால் ஆசையால் செலவாகிற வழிகள் நிறைய.

நியூயோர்க் டைம்ஸ் விமர்சனத்துக்கு டொலரில் சந்தா. அதற்கு வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதியுள்ள வங்கி அட்டை வேண்டும். அறிமுக விலை மலிவாகத் தெரியும், சில மாதத்தில் முழு விலைக்கு ஏறிவிடும், நிறுத்த மறந்தால் கணக்கில் இருந்து போய்க்கொண்டே இருக்கும். தொடங்குகிறவருக்கு அது தேவையில்லை. த கார்டியன், டைம் அவுட் நியூயோர்க் போன்றவற்றை இலவசமாக வாசிக்கலாம். பல விமர்சனங்களைத் திரட்டித் தொகுத்துக் காட்டும் தளங்களும் இருக்கின்றன. தனி ஒரு விமர்சகரைவிட அந்தத் தொகுப்புத்தான் நமக்குப் பயன்.

இசை நாடகப் பாட்டுத் தொகுப்புகள் யூடியூபிலும் ஸ்பொட்டிஃபையிலும் கிடைக்கும். வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாடகப் பிரதிகளை வெளிநாட்டில் இருந்து தருவித்தால் புத்தக விலையைவிடத் தபால் செலவு கூடும். கணிப்புக்காக அதைச் செய்யாதீர்கள், வாசிக்கும் ஆசைக்காகச் செய்தால் அது உங்கள் இஷ்டம்.

வார வசூல் விபரத்தை பிரோட்வே லீக் என்ற அமைப்பு வாராவாரம் இலவசமாக வெளியிடுகிறது. எந்த நாடகம் எப்போது எங்கே ஓடியது என்ற தரவுத்தளமும் அவர்களுடையதுதான். இரண்டையும் ஃபோனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. காசு வைத்துப் பந்தயம் கட்டுகிற தளங்கள் கண்ணில் படும். போகவேண்டாம். குழுவாகச் செய்தால் தோற்றவர் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

5. பரிந்துரைப் பட்டியலைக் கணித்தல்

முதலில் தகுதி பெற்றவற்றை எண்ணுங்கள். பெரும்பாலான பிரிவில் ஐந்து இடம். ஆனால் போட்டியாளர் குறைந்தால் இடமும் குறையும். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் 2020 பருவத்தைப் பாருங்கள். பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டு, தகுதித் திகதி பெப்ரவரி 19 என்று முன்னுக்கு வந்தது. சிறந்த இசை நாடகத்துக்கு மூன்றே பரிந்துரை. இசை நாடக மறு மேடையேற்றப் பிரிவே இல்லை. முதன்மை நடிகர், இசை நாடகம் என்ற பிரிவில் மூலான் ரூஜ் நாடகத்தின் ஆரன் ட்வெயிட் ஒரே ஒருவர்தான். அதற்காக விருது தானாக அவர் கைக்கு வரவில்லை, வாக்காளர்களில் 60 சதவீதம் பேர் ஆம் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்கள். விதிமுறையைப் படிக்காதவர் இதில் எதையும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது.

பெரிய பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். இதற்கு 2025 ஐவிட நல்ல பாடம் இல்லை. டென்சல் வொஷிங்டனும் ஜேக் ஜிலன்ஹாலும் நடித்த ஒதெல்லோ. நல்ல இருக்கைக்கு 921 டொலர் வரை விலை போனது. வசூல் கொட்டியது. பரிந்துரை எத்தனை? ஒன்றுகூட இல்லை. பரிந்துரைக் குழு சின்னது, எல்லா நாடகத்தையும் பார்த்தது, டிக்கெட்டுக்குக் காசு கொடுக்காதது. வசூல் அவர்களை அசைக்காது. அதற்காக நட்சத்திரம் என்றாலே அடித்துவிடவும் கூடாது, அதே வருடம் ஜோர்ஜ் கிளூனிக்குப் பரிந்துரை கிடைத்தது. நட்சத்திரத்தின் பெயரைக் கையால் மூடிக்கொண்டு விமர்சனத்தை வாசியுங்கள். அப்போதும் நல்ல விமர்சனமாகத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

வடிவமைப்புப் பிரிவுகளில் புதியவர்கள் அக்கறை காட்டுவதில்லை. ஆனால் 26 இல் எட்டு அங்கேதான் இருக்கின்றன. படத்தையும் முன்னோட்டக் காணொளியையும் வைத்தே ஓரளவு சொல்லக்கூடிய பிரிவுகள் இவை. மேடையில் மாயாஜாலம் காட்டுகிற நாடகம் இருந்தால் முதலில் அதை எழுதுங்கள். 2018 இல் ஹரி பொட்டர் அண்ட் த கேர்ஸ்ட் சைல்ட் வசன நாடகத்துக்கான நான்கு வடிவமைப்பு விருதுகளையும் அள்ளியது.

6. மற்ற விருதுகளை வாசிக்கும் முறை

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டோனிக்கு முன்னால் நியூயோர்க்கிலேயே வேறு விருதுகள் வரும்: ட்ராமா டெஸ்க், அவுட்டர் கிரிட்டிக்ஸ் சேர்க்கிள், ட்ராமா லீக், நியூயோர்க் நாடக விமர்சகர் வட்டத்தின் விருது. ஏப்ரல் கடைசியில் இருந்து ஜூன் தொடக்கம் வரை ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவற்றில் யார் வென்றாரோ அவர்தான் டோனியும் வெல்வார் என்று எழுதிவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால் ட்ராமா டெஸ்க் ஒஃப் பிரோட்வேயையும் சேர்த்துப் பார்க்கிறது. சின்ன அரங்கில் முதலில் ஓடிய நாடகத்தை அந்த வருடமே கௌரவித்துவிடும். அதே நாடகம் பெரிய அரங்குக்கு மாறி டோனிக்கு வரும்போது ட்ராமா டெஸ்க் பட்டியலில் பெயரே இருக்காது.

எடுத்துக்காட்டு வேண்டுமா? ஹமில்டன் 2015 இல் ட்ராமா டெஸ்க் வென்றது. அந்த வருடம் டோனி வென்றது ஃபன் ஹோம். ஹமில்டன் 2016 இல்தான் டோனிக்கு வந்தது, 16 பரிந்துரை, 11 வெற்றி. எ ஸ்ட்ரேஞ்ச் லூப் 2020 இல் ட்ராமா டெஸ்க், 2022 இல் டோனி. கிம்பர்லி அகிம்போ 2022 இல் ட்ராமா டெஸ்க், 2023 இல் டோனி. அதாவது 2022 இல் ட்ராமா டெஸ்கை மட்டும் பார்த்துக் கணித்தவர் அந்த வருட டோனிப் பட்டியலிலேயே இல்லாத நாடகத்தைத் தேடிக்கொண்டிருப்பார். விஷயம் தெரிந்தவரோ அடுத்த வருடத்துக்கு ஒரு குறிப்பு எழுதிவைத்திருப்பார். "வேறு எங்கே முன்பு ஓடியது" என்ற பத்தியைக் காலியாக விடாதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

எழுத்துக்காக அமெரிக்காவில் கொடுக்கிற புலிட்சர் பரிசும் அப்படியே. மே மாதத் தொடக்கத்தில் வரும், நாடகம் எங்கே ஓடியது என்று பார்க்காது. 2025 இல் சிறந்த வசன நாடகப் பட்டியலில் புலிட்சர் வாங்கிய இரண்டு நாடகங்கள் இருந்தன: 2023 இல் வாங்கிய இங்கிலிஷ், அந்த மே மாதமே வாங்கிய பர்பஸ். வென்றது பர்பஸ். சூடாக இருக்கிற செய்திக்கு வாக்காளர் மத்தியில் ஒரு பலம் உண்டு என்று நான் நினைக்கிறேன், ஆனால் ஒரு வருடத்தை வைத்து விதி எழுதமாட்டேன்.

லண்டன் ஒலிவியே விருது இன்னொரு பொறி. மட்டில்டா 2012 இல் ஏழு ஒலிவியே வாங்கிக்கொண்டு நியூயோர்க் வந்தது. 2013 இல் சிறந்த இசை நாடகம் கிங்கி பூட்ஸுக்குப் போனது. ஆனால் நடிப்பில் லண்டன் செய்தி கைகொடுப்பதுண்டு. சன்செட் புலவார்டுக்காக நிக்கோல் ஷெர்சிங்கர் 2024 இல் ஒலிவியேயும் 2025 இல் டோனியும் வாங்கினார். அதுவும் ஆறு டோனி வாங்கிய ஓட்ரா மெக்டொனால்ட் எதிரில் இருக்கும்போது. என் கொப்பியில் நடிகருக்கு லண்டன் விருது கிடைத்திருந்தால் நல்ல குறி போடுவேன், நாடகத்துக்குக் கிடைத்திருந்தால் சின்னக் குறிதான்.

7. வெற்றியாளரைக் கணித்தல்

பரிந்துரை எண்ணிக்கையை எண்ணி அதிகம் உள்ளதுதான் வெல்லும் என்று எழுதுபவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஸ்லேவ் ப்ளே 12 பரிந்துரை, வெற்றி பூச்சியம். 2023 இல் சம் லைக் இட் ஹொட் 13, கிம்பர்லி அகிம்போ 8. சிறந்த இசை நாடகம் கிம்பர்லி அகிம்போ. 2024 இல் ஹெல்ஸ் கிச்சன் 13, த அவுட்சைடர்ஸ் 12. வென்றது த அவுட்சைடர்ஸ். நிறைய ஆட்கள், நிறைய உடை, நிறைய நடனம் உள்ள நாடகத்துக்குப் பல பிரிவில் இடம் கிடைப்பது இயல்பு. பரிந்துரை எண்ணிக்கை நாடகத்தின் அளவைச் சொல்லுமே தவிர வாக்காளரின் அன்பைச் சொல்லாது.

அந்த அன்பை அறிய நாடக எழுத்துக்கான விருதை, அதாவது இசை நாடகத்தின் கதை வசனத்துக்குக் கொடுக்கிற விருதை, பார்க்கச் சொல்வார்கள். எ ஸ்ட்ரேஞ்ச் லூப் 11 பரிந்துரையில் இரண்டைத்தான் வென்றது. ஒன்று நாடக எழுத்து, மற்றது சிறந்த இசை நாடகம். நல்ல அடையாளம்தான். ஆனால் 2024 இல் எழுத்தும் பாட்டும் சஃப்ஸுக்குப் போக, சிறந்த இசை நாடகம் த அவுட்சைடர்ஸுக்குப் போனது. ஆகவே அதை ஒரு தடயமாக மட்டும் வையுங்கள்.

வாக்காளரில் தயாரிப்பாளர்களும் வெளியூர் அரங்குக்காரர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? தங்கள் ஊருக்கு வரக்கூடிய நாடகத்தை அவர்கள் விரும்புவார்கள் என்பது அங்கே பேசப்படுகிற வழமை. 2004 இல் விக்கிட் (Wicked) என்ற இசை நாடகம் பெரிய படையோடு வந்தது. அவெனியூ கியூ சின்ன நாடகம், பொம்மைகளோடு. அவெனியூ கியூ வென்றது, எழுத்தும் பாட்டும் சேர்த்து. அதோடு கதை முடியவில்லை. வென்ற பிறகு அவர்கள் ஊர் ஊராகப் போகாமல் லாஸ் வேகாசில் நிரந்தரமாக ஓட்டப்போவதாக அறிவித்தார்கள், வெளியூர் அரங்குக்காரர்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இருந்தே அவர்கள் எதை எதிர்பார்த்து வாக்களிக்கிறார்கள் என்று விளங்கிவிடும்.

வசூலையும் இப்போதுதான் பாருங்கள், ஆனால் தொகையை அல்ல, போகிற திசையை. மேபி ஹெப்பி எண்டிங் 2024 நவம்பரில் திறந்தபோது வசூல் மிகவும் சோர்ந்து கிடந்தது. தென்கொரியாவின் சோல் நகரில் பிறந்த கதை, இரண்டு ரோபோக்கள், பெரிய பெயரில் உருவான படத்தின் தழுவலும் அல்ல. வாய்வழிப் பேச்சில் வாரத்துக்கு வாரம் ஏறியது. 2025 இல் 10 பரிந்துரை, ஆறு வெற்றி, சிறந்த இசை நாடகமும் அதுவே. அதே 10 பரிந்துரையோடு நின்ற டெத் பிகம்ஸ் ஹேருக்குக் கிடைத்தது ஒன்று.

8. பெயரை மட்டும் எழுதாதீர்கள், சதவீதம் போடுங்கள்

"இவர்தான்" என்று ஒரு பெயர் எழுதினால் சரி அல்லது பிழை, அவ்வளவுதான். அடுத்த வருடத்துக்கு அதில் கற்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் 100 ஐப் பங்கு போடுங்கள். மூன்று பேர் உள்ள பிரிவில் முதலாமவருக்கு 70, அடுத்தவருக்கு 20, மற்றவருக்கு 10 என்று வைப்போம்.

விழா முடிந்ததும், வென்றவருக்கு 100 இல் இருந்து உங்கள் எண்ணைக் கழித்து வர்க்கம் எடுங்கள். தோற்றவர்களுக்கு உங்கள் எண்ணை அப்படியே வர்க்கம் எடுங்கள். கூட்டுங்கள். முதலாமவர் வென்றால் 900, 400, 100, மொத்தம் 1400. இரண்டாமவர் வென்றால் 4900, 6400, 100, மொத்தம் 11400. முதலாமவருக்கு 100 போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தியவருக்கு, இரண்டாமவர் வென்றால் 20000. குறைந்த புள்ளி எடுத்தவரே முன்னால்.

குழுவில் ஒரு புத்திசாலி கட்டாயம் இருப்பார். "வெல்லமாட்டார் என்று தெரிந்த ஒருவருக்கு 5 போட்டு அதை மட்டும் கணக்கில் சேர்க்கிறேன்" என்பார். விடாதீர்கள். பிரிவில் உள்ள எல்லோருக்கும் எண் போட்டுக் கூட்டினால்தான் கணக்கு நியாயம். எண்களை விழாவுக்கு முதல்நாள் இரவு ஃபோனில் படம் எடுத்துக் குழுவில் அனுப்பச் சொல்லுங்கள். காலையில் கையெழுத்து மாறுகிற அதிசயங்கள் நடப்பதுண்டு.

9. அந்தத் திங்கட்கிழமை காலை

முக்கிய ஒளிபரப்பு 5.30க்குத் தொடங்கும். பல தொழில்நுட்ப விருதுகளை அதற்கு முன்னாலேயே, நமக்கு நான்கு மணிக்குப் பிறகு, கொடுத்து முடித்துவிடுவார்கள். ஒளிபரப்பு அமெரிக்காவுக்கானது, சிபிஎஸ் தொலைக்காட்சியும் அதன் இணையச் சேவையும். இங்கிருந்து திறந்தால் உங்கள் நாட்டில் இல்லை என்று வரும். வேறு வழியால் உள்ளே போகச் சொல்லித் தருகிற இலவசச் செயலிகளை ஃபோனில் ஏற்றாதீர்கள், வங்கிச் செயலி இருக்கிற ஃபோனில் சத்தியமாக வேண்டாம். டோனியின் சொந்தத் தளத்தில் வெற்றியாளர் பட்டியல் உடனுக்குடன் ஏறும். மேடை நிகழ்ச்சிகள் அன்றைக்கே யூடியூபுக்கு வந்துவிடும்.

ஜூன் என்றால் தென்மேல் பருவமழை. நோர்வூட், மஸ்கெலியா பக்கம் காற்றோடு மழை பிடித்தால் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். இரவே ஃபோனை முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள், பரிந்துரைப் பட்டியலைக் காகிதத்தில் வைத்திருங்கள், இன்னொரு நிறுவனத்தின் சிம் ஒன்று கையில் இருந்தால் நல்லது. படத்தோடு வரும் பக்கங்கள் திறக்காவிட்டாலும் வெறும் எழுத்துச் செய்தி வந்துசேரும், ஆகவே கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிற ஒரு சொந்தக்காரரிடம் பெயர்களை அனுப்பச் சொல்லிவைக்கலாம்.

நேரம் இன்னொரு தொல்லை. தோட்டத்தில் பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு) போகிறவர்கள் முதல் ஒரு மணித்தியாலத்தைத்தான் பார்க்கலாம். பாடசாலை 7.30க்கு. சிறந்த இசை நாடகமோ கடைசியில், எட்டரைக்குக் கிட்ட. மாணவர்கள் மேசைக்கு அடியில் ஃபோன் பார்க்கவேண்டாம், இடைவேளையில் ஒருவர் எல்லாவற்றையும் வாசித்துக் குறித்தால் போதும். புள்ளி போடுவதை அன்று மாலைக்கு வையுங்கள்.

புள்ளி போட்டு முடித்ததும் எந்தப் பிரிவில் உங்கள் எண் மிகவும் விலகிப்போனது என்று மட்டும் பாருங்கள். நடிப்பிலா, வடிவமைப்பிலா, மறு மேடையேற்றத்திலா? அந்தப் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். கொப்பியைத் தூக்கி அலுமாரியில் போட்டுவிடாதீர்கள். ஏப்ரல் கடைசியின் முடிவுத் திகதிக்குப் பிறகு திறந்த நாடகங்கள் எல்லாம் ஏற்கனவே அடுத்த வருடக் கணக்கில் இருக்கின்றன, அவற்றின் பெயர்களை அடுத்த பக்கத்தில் அன்றைக்கே எழுதத் தொடங்கலாம்.